உளி பிடித்த கைக்கும் கூலி உண்டு

“உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது” என்பார்கள். உழவருக்கு மட்டுமா இது? சொந்தத் தொழில் செய்யும் எல்லோருக்குமே பொருந்தும். என் மாமா மாமல்லபுரத்தில் சிறிய சிற்பப் பட்டறை வைத்திருக்கிறார்.

1957-ல் அங்கே சிற்பக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1984-ல் பல்லவர் காலச் சின்னங்கள் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. 2017-ல் அவ்வூர்க் கற்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஊருக்குப் பேர் வந்தது. சிற்பிக்கு என்ன வந்தது?

விடுமுறையில் மாமாவின் நோட்டை வாங்கிக் கணக்குப் போட்டேன். ஒரு பிள்ளையார் சிலை 20,000 ரூபாய்க்கு விற்றது. கல்லுக்கும் வண்டிக்கும் 5,000, பிளேடுக்கும் கரண்டுக்கும் 2,000, பாலிஷ் போட்டவருக்கு 3,000. மீதி 10,000. மாமா செதுக்கியதோ 20 நாள்!

“மாமா, நாளைக்கு 500 ரூபாய்தான் நிக்குது. கூலிக்குப் போனாலே 900 தர்றாங்களே?”

“கூலிக்குப் போனா அவன் சொன்ன மூக்கைத்தான்டா செதுக்கணும். இங்க மூக்கு என்னுது” என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பொய்யல்ல. ஆனால் அவருக்கு பி.எப். இல்லை, இ.எஸ்.ஐ. இல்லை. கிரைண்டர் கிளப்பும் கல்தூசி நுரையீரலில் படிந்தால் சிலிகோசிஸ் வரும், அதற்குக் குணமில்லை. படுத்துவிட்டால் அந்த 500-ம் கிடையாது.

அப்படியானால் கம்பெனி வேலைதான் பத்திரமா? மறைமலைநகர் ஃபோர்டு ஆலையில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021-ல் அறிவிப்பு வந்தபோது நம் மாவட்டமே திகைத்தது. இரண்டிலும் ஆபத்து உண்டு. ஆனால் கம்பெனித் தொழிலாளியின் கூலியைச் சம்பளச் சீட்டு சொல்லிவிடும். சொந்தத் தொழில்காரர் தன் கூலியைத் தானே எழுதினால்தான் உண்டு.

இப்போது நோட்டில் ‘என் கூலி’ என்று முதல் வரி எழுதியிருக்கிறோம். முகமூடிச் செலவு அடுத்த வரி. அந்த விலையைக் கேட்டு ஒருவர் போய்விட்டார். இன்னொருவர் பேரம் பேசி, ஆயிரம் குறைத்து வாங்கிக்கொண்டார். கூலி நின்றது.

நண்பர்களே! நம்மில் பலர் நாளை லேத் பட்டறையோ வெல்டிங் கடையோ வைக்கப்போகிறோம். எனக்கும் அந்த ஆசை உண்டு. அப்பாவுக்கோ நான் கம்பெனிக்குப் போகவேண்டும். அவரிடம் வீரவசனம் பேசப்போவதில்லை. என் கூலியையும் சேர்த்து எழுதிய கணக்கைக் காட்டப்போகிறேன். மனநிறைவு நம் லாபம்; அதை வாடிக்கையாளருக்குத் தள்ளுபடியாகக் கொடுத்துவிடக் கூடாது.

— மூன்றாமாண்டு, இயந்திரவியல்