சார்ந்திருத்தலின் இலக்கணம்

கணினியில் ஒரு மென்பொருளை நிறுவுவதும் பிறகு நீக்குவதும் இலக்கிய வாசகர்கள் பேசத்தக்க பொருளா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். பேசத்தக்கதே என்பது எங்கள் எண்ணம். பழைய நூல்களைத் தட்டெழுதி மெய்ப்புப் பார்க்கும் எங்கள் நால்வர் குழு, கைமாறி வந்த இரண்டு கணினிகளில் டெபியன் லினக்ஸை நிறுவிப் பல ஆண்டுகளாகப் பணியாற்றி வருகிறது. மொழியின்மேல் பற்றுள்ளவர்களுக்கு அதில் வாசிக்க நிறைய இருக்கிறது.

டெபியன், 1993 ஆகஸ்டில் பர்டியூ பல்கலைக்கழக மாணவர் இயன் மர்டாக் அறிவித்த திட்டம். தம் தோழி டெப்ராவின் பெயரையும் தம் பெயரையும் இணைத்து அதற்குப் பெயரிட்டார். அங்கே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டித் தரப்படுகிறது. பொதிக்குள் மென்பொருளோடு ஓர் அறிமுகக் கடிதமும் இருக்கும்: பெயர், பதிப்பெண், பராமரிப்பவர் யார், பிற பொதிகளோடு என்ன உறவு. பொதியைப் பிரித்து உரிய இடங்களில் வைப்பது டிபிகேஜி என்னும் கருவி. அதற்குத் துணையாக வேண்டியவற்றைத் தேடிக் கொணர்வது, 1999 மார்ச்சில் வெளியான 2.1 பதிப்போடு வந்த ஆப்ட்.

எங்களை ஈர்த்தவை அந்த உறவுகளைக் குறிக்கும் சொற்கள். ஒரு பொதி மற்றொன்றைச் சார்ந்திருக்கலாம். அது இன்றி இது இயங்காது. பரிந்துரைக்கலாம், பெரும்பாலோர்க்கு அது வேண்டியிருக்கும், ஆயினும் கட்டாயமில்லை. வெறுமனே யோசனை கூறலாம். முரண்படலாம்; அப்போது இரண்டும் ஒரே கணினியில் குடியிருக்க இயலாது. மனித உறவுகளில் நாம் வாய்விட்டுச் சொல்லத் தயங்கும் அளவுகள் எல்லாம் அங்கே வரிவரியாக எழுதப்பட்டிருக்கின்றன.

தமிழ்99 விசைப்பலகைக்காக நாங்கள் கேட்டது ஐபஸ்-எம்17என் என்னும் ஒரே பொதியை. ஆப்ட் ஒரு பட்டியலை நீட்டியது: ஐபஸ் என்னும் உள்ளீட்டு அமைப்பு, எம்17என் நிரலகம், பன்மொழி விசைப்பலகைகளின் வரைபடங்கள் அடங்கிய தரவுப் பொதி. அந்த நிரலகம் ஜப்பானில் உருவானது. அதை எழுதியவர்களை நாங்கள் பார்த்ததில்லை. அவர்கள் இல்லையேல் எங்கள் விரல் தட்டும் அகரம் திரைக்கு வந்து சேராது. இவ்வாறு துணைக்கு வந்தவற்றை ஆப்ட் தனியே குறித்துக்கொள்கிறது. அழைத்தது ஒருநாள் நீக்கப்பட்டால், இனி இவற்றுக்கு வேலையில்லை, அனுப்பிவிடலாமா என்று நினைவூட்டுகிறது.

அமைவுகளில் இந்த நாகரிகம் இன்னும் துலக்கமாகத் தெரியும். கணினி முழுமைக்குமான அமைவுகள் பெரும்பாலும் எட்சி என்னும் அடைவில், எவரும் திறந்து வாசிக்கத்தக்க எளிய உரைக்கோப்புகளாக இருக்கின்றன. அவற்றில் ஒருவர் கைப்படச் செய்த மாற்றத்தைப் புதுப்பதிப்பு வந்து அழித்துவிடலாகாது என்பது டெபியனின் நெறி. 2023இல் நாங்கள் 12ஆம் பதிப்புக்கு மாறியபோது நிறுவல் பாதியில் நின்று ஒரு கேள்வி கேட்டது. அச்சுப்பொறிக்கான அமைவுக் கோப்பு இங்கே திருத்தப்பட்டிருக்கிறது. உங்களுடையதை வைத்துக்கொள்வதா, புதியதை ஏற்பதா? வேறுபாட்டைக் காட்டச் சொன்னோம். வெளியூருக்குப் பணிமாறிச் சென்ற நண்பர், இரண்டாவது கணினியும் அச்சிட வேண்டும் என்பதற்காகச் சேர்த்த வரி அது என்று காரணத்தையும் மேலேயே குறித்துவைத்திருந்தார். பழையதையே வைத்துக்கொண்டோம். பொதியை நீக்கினால்கூட அமைவுக் கோப்பு தங்கிவிடும். அதையும் சேர்த்துத் துடைத்தெறிய வேண்டுமானால் வேறொரு கட்டளை கொடுத்தாக வேண்டும்.

இத்தனை ஒழுங்குக்கும் ஓர் எல்லை உண்டு என்பதை 2024 மார்ச் 29 உணர்த்தியது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் மென்பொருளாளர், தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை விநாடி தாமதிப்பதைக் கவனித்து, காரணத்தைத் தேடிப் போனார். கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் என்னும் சிறு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு கள்ளக் கதவு ஒளிந்திருந்தது. எஸ்எஸ்எச் எக்ஸ்இசட்டை நேரே சார்ந்ததில்லை. டெபியன் போன்ற சில வழங்கல்கள் இடையே சேர்த்த வேறொரு நிரலகம் அதைச் சார்ந்திருந்தது. சங்கிலியின் மூன்றாம் கண்ணி அது. பல ஆண்டுகளாக ஊதியமின்றி, அநேகமாகத் தனியாளாக அதைப் பேணிவந்தவருக்கு உதவ முன்வந்த ஒருவர், இரண்டாண்டுகளுக்கு மேல் உழைத்து நம்பிக்கை பெற்றபின் செய்த வேலை. டெபியனின் நிலையான பதிப்புக்கு அது வந்து சேரவில்லை. சோதனைப் பதிப்புகளோடு நின்றது.

அன்று எங்களுக்குள் நீண்ட விவாதம் நடந்தது. முகம் தெரியாதவர்களை நம்பி எத்தனை நாள் வேலை செய்வது என்றார் ஒருவர். மூலநிரல் எல்லோர் கண்முன்னும் கிடந்ததால்தான் ஒருவரால் தோண்டிப் பார்க்க முடிந்தது என்றார் மற்றவர். இரண்டுமே உண்மை. அந்த அரை விநாடி ஒருவர் கண்ணில் பட்டது நற்பேறு என்பதும் உண்மை. பொதியின் அறிமுகக் கடிதத்தில் பராமரிப்பவரின் பெயருக்கு ஒரு வரி உண்டு. அவர் எவ்வளவு களைத்திருக்கிறார் என்பதற்கு வரி கிடையாது.

நாங்கள் டெபியனிலேயே தொடர்கிறோம். நிலையான பதிப்பை விட்டு நகர்வதில்லை. பிழை கண்டால் புலம்பாமல், அது நேரும் விதத்தை ஒழுங்காக எழுதி அனுப்புகிறோம். தனியாளாகப் பேணுகிறவருக்கு அது ஒரு மாலைப் பொழுதையாவது மிச்சப்படுத்தும். ஆப்ட் பட்டியலை நீட்டி ஒப்புதல் கேட்கும்போது, ஆம் என்று தட்டுவதற்கு முன்பு, அறியாத பொதி ஒன்றையேனும் விரித்து அது என்ன செய்கிறது, யார் பேணுகிறார் என்று வாசித்துக்கொள்கிறோம். நூலின் முன்னுரையில் வரும் நன்றிப் பட்டியலை நிறுத்தி வாசிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.