சுவான்சாவ் நகரில் ஒரு தமிழாசிரியை



ஆண்டிறுதி விடுமுறையில் எங்குச் சென்றீர்கள் என்று சக ஆசிரியர்கள் கேட்டபோது, "சீனாவுக்கு" என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொண்டேன். முழுவதையும் சொல்வதென்றால் என் வீட்டுக் கதையையும் சொல்ல வேண்டும். அதற்கான துணிவு இப்போதுதான் வந்தது.

எங்களுக்குத் திருமணமாகி இருபது ஆண்டுகள் நிறைந்தன. மகன் பிறந்த பிறகு நாங்கள் இருவர் மட்டும் எங்கும் சென்றதில்லை. இம்முறை அவனைக் கூலாயிலுள்ள பாட்டி வீட்டில் விட்டுவிட்டுப் புறப்பட்டோம். சாங்கியிலிருந்து சியாமெனுக்கு விமானம். அங்கிருந்து அதிவேக இரயிலில் ஏறினால் அரை மணி நேரத்தில் சுவான்சாவ். 2023 டிசம்பர் முதல் மலேசியர்கள் விசா இல்லாமல் சீனா செல்ல முடிவதும் வசதியாகப் போயிற்று.

பலரும் பெய்ஜிங், ஷங்காய் என்று செல்லும்போது நான் இந்நகரைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் எங்கள் விரிவுரையாளர் ஒருவர், "சீனத்திலும் ஒரு தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது" என்றார். அதை அன்றே குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவ்வரி மனத்தை விட்டு அகலவில்லை.

செனாயில் ஆண்டு முழுவதும் வியர்வை துடைப்பவர்களுக்குப் பத்துப் பாகைக் குளிரே பெருங்குளிர்தான். விடுதி அறையில் வெப்பமூட்டியும் இல்லை. கணவர் இரண்டு காலுறைகளை அணிந்து, போர்வைக்குள் இருந்தபடியே, "இருபதாம் ஆண்டு நிறைவுக்கு நல்ல இடமாகப் பார்த்தாய்" என்றார்.

பழைய துறைமுக நகரம் இது. மார்க்கோ போலோ வியந்து எழுதிய 'சைத்தூன்' இதுவே. ஊரெங்கும் நட்டிருந்த 'சிதோங்' மரத்தின் பெயரே அயலார் வாயில் அப்படி மாறிற்று என்பர். அம்மரம் வேறொன்றுமில்லை, நம் கல்யாண முருங்கைதான். 1009ஆம் ஆண்டில் எழுப்பப்பட்ட மசூதி ஒன்று இன்றும் இங்கு நிற்கிறது. 2021இல் யுனெஸ்கோ இந்நகரின் 22 இடங்களை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது.

முதல் நாள் காலை, 686ஆம் ஆண்டில் தோற்றுவிக்கப்பட்ட காயுவான் பௌத்த ஆலயத்திற்குச் சென்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த இரு கற்கோபுரங்களைக் கண்டுவிட்டுப் பெரிய மண்டபத்தின் பின்புறம் வந்தோம். அங்குள்ள இரண்டு கற்றூண்களைக் கண்டதும் கால்கள் நின்றன. உரலோடு பிணைக்கப்பட்ட குழந்தைக் கண்ணன் இரு மரங்களுக்கிடையே தவழ்ந்து செல்கிறான். இன்னொரு வட்டத்தில் நரசிம்மர். அழிந்துபோன ஓர் இந்துக் கோயிலின் தூண்களைப் பிற்காலத்தில் இம்மண்டபத்தைச் செப்பனிட்டபோது பயன்படுத்தியிருக்கிறார்கள். ஊதுவத்தியோடு வந்த மூதாட்டி ஒருவர் தூணைத் தொட்டு வணங்கிச் சென்றார்.

மறுநாள் கடல்வாணிப அருங்காட்சியகம். அங்கே இந்துக் கோயிற் சிற்பங்கள் வரிசையாக வைக்கப்பட்டிருந்தன. சிவலிங்கத்தை வழிபடும் யானையின் சிற்பத்தைக் கண்டபோது ஏதோ நம் ஊர்க் கோயிலில் நிற்பதுபோல் இருந்தது. எங்களைக் கவனித்த பணியாளர் ஒருவர் அருகில் வந்து மாண்டரினில் ஏதோ கேட்டார். ஒன்றும் புரியவில்லை. கணவர் உடனே மகனைக் கைப்பேசியில் அழைத்து, காணொளியில் அவரோடு பேச வைத்தார்.

மகன் சரளமாகப் பேசினான். "இது உங்கள் சாமியா என்று கேட்கிறார், அம்மா" என்றான். விளக்கப் பலகைகளையும் படித்துத் தமிழில் சொன்னான். கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குத் தெரியும்.

இங்கேதான் என் வீட்டுக் கதை வருகிறது. எங்கள் மகன் சீனப்பள்ளியில் படித்தவன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையின் மகன்! ஆண்டுதோறும் முதலாம் ஆண்டுப் பதிவின்போது வீடுவீடாகச் சென்று, "பிள்ளையைத் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்புங்கள்" என்று கேட்பவள் நான். ஒரு முறை ஒரு தாய், "டீச்சர், உங்கள் மகன் எந்தப் பள்ளி?" என்று கேட்டார். அன்று என்ன பதில் சொன்னேன் என்பதை இங்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது. சீனப்பள்ளி என்பது கணவரின் முடிவு. அதற்காக அவரை நான் மனத்துக்குள் மன்னிக்கவே இல்லை.

நாங்கள் தேடிச் சென்ற கல்வெட்டை நேரில் காண வாய்க்கவில்லை. அதன் படம் என் கைப்பேசியில் இருந்தது. 1281ஆம் ஆண்டு, குப்லாய் கான் ஆட்சியில், சம்பந்தப்பெருமாள் என்னும் தமிழர், பேரரசரின் நலம் வேண்டி, அவருடைய ஆணைப்படி இங்குச் சிவபெருமானை எழுந்தருளச் செய்த செய்தியைக் கூறும் கல் அது. மேலே தமிழ் வரிகள். இறுதியில் சீன எழுத்துகள். அப்படத்தை மகனுக்கு அனுப்பினேன்.

"கீழே இருப்பது சீன எழுத்து. மேலே இருப்பது என்ன எழுத்து, அம்மா?" என்று கேட்டான்.

எழுநூறு ஆண்டுகளுக்கு முந்தைய எழுத்து வடிவம் அது. எனக்கே சில எழுத்துகள்தாம் பிடிபட்டன. ஆனால் அவன், அது தமிழ் என்றுகூட அறியவில்லை. "தமிழப்பா" என்றேன். அதற்குமேல் குரல் எழவில்லை.

அன்றிரவு அறையில் எங்களுக்குள் வாக்குவாதம் மூண்டது. எல்லாம் உங்களால்தான் என்றேன். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "சீனப்பள்ளிக்கு அனுப்பியது நான்தான். வீட்டில் நான் தமிழ் சொல்லிக் கொடுக்கிறேன் என்று அன்று சொன்னது யார்?" என்று கேட்டார்.

சொன்னது நான்தான். பள்ளி வேலை, பயிற்சிப் புத்தகங்கள், களைப்பு என்று நாள்கள் ஓடின. முப்பது பிள்ளைகளுக்கு 'அ' எழுதக் கற்பித்த கை, ஒரு பிள்ளைக்குக் கற்பிக்கவில்லை. குற்றத்தை அவர் தலையில் வைத்துவிட்டு நான் நிம்மதியாக இருந்திருக்கிறேன்.

உறக்கம் வரவில்லை. அக்கல்லையே நினைத்துக்கொண்டிருந்தேன். பிழைக்க வந்த நாட்டின் மொழியையும் தம் மொழியையும் ஒரே கல்லில் பொறித்தவர்கள் அவ்வணிகர்கள். இதுவா அதுவா என்ற கேள்வி அக்கல்லில் இல்லை. எனினும், பதினான்காம் நூற்றாண்டில் கலவரங்கள் மூண்டு, 1368இல் யுவான் ஆட்சியும் வீழ்ந்த பின், அயலக வணிகர்களின் செல்வாக்கு மங்கியது. கோயில் போயிற்று. கல் நிலைத்தது, அதைப் படிக்கும் பிள்ளைகள் அவ்வூரில் இல்லை. மொழியைக் கல் காப்பாற்றாது. ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லிக் கொடுத்தால்தான் அது வாழும்.

ஊர் திரும்பியதும் பழைய முதலாம் ஆண்டுப் பாடநூலை எடுத்தேன். பதினாறு வயது மகன் முதலில் சிரித்தான். இப்போது இரவு உணவுக்குப் பின் கால் மணி நேரம் அமர்கிறான். சில நாள்களில் கணவரும் உடன் அமர்கிறார். ல, ழ, ள மூன்றும் இன்னும் அவனைப் படாதபாடு படுத்துகின்றன. சென்ற வாரம், செனாய்க் கடைத்தெருவில் ஒரு பெயர்ப்பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தான். மளிகைக் கடையின் பெயர்தான். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

பெற்றோர்களே, உங்கள் பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தாலும் வீட்டில் தமிழுக்குக் கால் மணி நேரம் ஒதுக்குங்கள். ஆசிரிய நண்பர்களே, நம் வகுப்பறைக்குக் கொடுப்பதில் சிறிதை நம் வீட்டுக்கும் கொடுப்போம். அடுத்த பதிவுக் காலத்தில் அத்தாய் மீண்டும் அதே கேள்வியைக் கேட்டால், இம்முறை உண்மையைச் சொல்வேன்.