தோட்டாவைச் சட்டைப் பையில் வைத்திருந்தவருக்கு

அன்புள்ள டான் நாட்ஸ் ஐயா,

நீங்கள் லாஸ் ஏஞ்சல்ஸில் கண்மூடிய நாள் 2006 பிப்ரவரி 24. நான் வட கரோலினாவுக்கு வந்து இறங்கியது அதற்கு அடுத்த வருடம். இந்த நன்றியை நேரில் சொல்ல எனக்கு வழியே இருக்கவில்லை. ஆனாலும் பட்ட கடனை வாய்விட்டுச் சொல்லாமல் வைத்திருந்தால் அது உள்ளுக்குள் வட்டி போடும் என்று எங்கள் ஆச்சி சொல்வார். அதனால் எழுதுகிறேன்.

கோவில்பட்டியில் நான் வளர்ந்த தெருவில் 'தொடைநடுங்கி' என்பது பெரிய வசவு. எட்டாம் வகுப்புப் பேச்சுப் போட்டியில் என் கையிலிருந்த தாள் சடசடவென்று ஆட, மைக் அந்தச் சத்தத்தை மைதானம் முழுக்கக் கொண்டுபோனது. அன்று ஒட்டிய அந்தப் பெயர் பள்ளி முடியும்வரை என்னை விடவில்லை. கல்யாணமாகி இங்கே வந்தால், கார் ஓட்டாமல் ஒரு கேன் பால்கூட வாங்க முடியாத ஊர். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை தோற்றேன். வண்டி ஓட்ட எனக்குத் தெரியும். தேர்வாளர் பக்கத்தில் வந்து உட்கார்ந்ததும் ஸ்டியரிங்கைப் பிடித்த கை உதற ஆரம்பித்துவிடும். இரண்டாம் முறை வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பக்கத்து வீட்டில் எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா தனியாக இருந்தார். என் முகத்தைப் பார்த்தவர் காரணம் எதுவும் கேட்கவில்லை. கையைப் பிடித்து அழைத்துப்போய்த் தன் சோபாவில் உட்காரவைத்தார். டிவியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. யாரோ சீழ்க்கையடிக்க, ஓர் அப்பாவும் சிறுவனும் தூண்டிலைத் தோளில் போட்டுக்கொண்டு ஏரிக்கரையில் நடந்து போனார்கள். 'தி ஆண்டி கிரிஃபித் ஷோ'. 1960 அக்டோபர் 3 அன்று சிபிஎஸ்ஸில் தொடங்கி, எட்டு சீசன், 249 எபிசோட் ஓடிய தொடர் என்பதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: ஷெரிஃப்பின் பக்கத்தில் ஓர் ஒல்லி மனிதர், கண் பிதுங்க, கழுத்து நரம்பு புடைக்க நின்றிருந்தார். அவருக்குக் கை நடுங்கியது. என் கை நடுங்குவது போலவே.

பள்ளியில் படித்த அரசியல் சாசனத்தின் முகப்புரை தனக்கு இன்றும் மனப்பாடம் என்று நீங்கள், அதாவது டெபுடி பார்னி ஃபைஃப், மார்தட்டிய காட்சி அது. ஷெரிஃப் ஆண்டி சரிபார்க்கிறார். நீங்கள் கண்ணை மூடி, மூச்சை இழுத்துவிட்டு, வாயைத் திறக்கிறீர்கள். முதல் சொல்லே வரவில்லை. ஆண்டி எடுத்துக் கொடுக்கிறார். அடுத்த சொல்லும் வரவில்லை. அதையும் எடுத்துக் கொடுக்கிறார். இப்படியே ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கிப் பிடுங்கி முடித்துவிட்டு, முழுவதையும் நீங்களே ஒப்பித்ததுபோல நிமிர்ந்து உட்கார்கிறீர்கள். பக்கத்து வீட்டு அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகுதான் ஆண்டியின் முகத்தைக் கவனித்தேன். அதில் ஏளனம் ஒரு துளிகூட இல்லை. சொல் வராமல் தவிப்பவருக்கு இன்னொருவர் அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்து, அது தன்னுடையது என்று கடைசிவரை சொல்லாமலும் இருந்துவிட முடியும் என்று நான் அதுவரை எந்த மேடையிலும் கண்டதில்லை.

அன்றிலிருந்து தினமும் அந்த சோபாவில்தான் என் மாலைப்பொழுது. உங்கள் வரலாற்றையும் தேடித்தேடிப் படித்தேன். மேற்கு வர்ஜீனியாவின் மார்கன்டவுனில் 1924 ஜூலை 21 அன்று பிறந்தீர்கள். முழுப்பெயர் ஜெஸ்ஸி டொனால்ட் நாட்ஸ். உங்கள் தந்தை மனநோயாலும் குடியாலும் சிதைந்தவர். சின்னப் பிள்ளையான உங்கள் முன் கத்தியோடு வந்து நின்று மிரட்டியவர். உங்களுக்கு 13 வயதாகும்போது அவர் இறந்துபோக, அம்மா வீட்டிலேயே வாடகைக்கு ஆள் வைத்து, சமைத்துப் போட்டுப் பிள்ளைகளை வளர்த்தார். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. திரையில் நான் பார்த்துச் சிரித்த அந்தத் திடுக்கிடல் ஒரு குழந்தை வீட்டுக்குள் நிஜமாகவே பட்டது. அதே உடம்புதான், அதே கண்கள்தான், பின்னாளில் கோடிப் பேரைச் சிரிக்கவைத்தன. இது எப்படி நடந்தது என்று எனக்கு இன்றும் முழுதாகப் பிடிபடவில்லை. வியந்துகொண்டே இருக்கிறேன்.

பள்ளி முடித்து நியூயார்க் போய் நடிக்க வாய்ப்புத் தேடி, கிடைக்காமல் ஊர் திரும்பினீர்கள். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ராணுவத்தின் 'ஸ்டார்ஸ் அண்ட் கிரைப்ஸ்' என்ற கலைக்குழுவோடு பசிபிக் தீவுகளில் சிப்பாய்களைச் சிரிக்கவைத்தீர்கள். மடியில் டேனி என்ற மரப்பொம்மையை வைத்துக்கொண்டு பேசவைக்கும் வித்தை உங்களுடையது. சிரிப்பெல்லாம் பொம்மைக்கே போகிறது, நாம் ஒரு மரக்கட்டைக்குப் பக்கவாத்தியம் வாசிக்கிறோம் என்று உங்களுக்கு அலுத்துவிட்டது. அத்தோடு டேனிக்கு விடை கொடுத்தீர்கள். அது தொடங்கி உங்கள் நடுக்கமே உங்கள் வாத்தியம்.

ஸ்டீவ் ஆலன் நிகழ்ச்சியில் தெருவில் பேட்டி கொடுக்கும் பதற்றக்காரராக வந்தீர்கள். பதற்றமா என்று கேட்டால் போதும், அதிர்ந்து ஒற்றைச் சொல்லில் இல்லையென்று மறுப்பீர்கள். உடம்பு முழுவதும் ஆமாம் என்று சொல்லிக்கொண்டிருக்கும். அதற்கு முன்பே, 1955இல் பிராட்வேயில் 'நோ டைம் ஃபார் சார்ஜன்ட்ஸ்' நாடகத்தில் ஆண்டி கிரிஃபித் உங்களுக்கு நண்பராகிவிட்டிருந்தார். 1960இல் அவர் ஷெரிஃப்பாக வந்த முன்னோட்ட எபிசோடைப் பார்த்துவிட்டு, அந்த ஷெரிஃப்புக்கு ஒரு டெபுடி வேண்டாமா என்று நீங்களே தொலைபேசியில் கேட்டீர்கள். கைநடுங்கியை நடிப்பவர் தன் வேலையைத் தானே கேட்டு வாங்கியிருக்கிறார்! இந்தச் செய்தி எனக்கு மிகவும் பிடித்தது.

அடுத்து நடந்ததற்கு ஆண்டிக்கும் சேர்த்து நன்றி சொல்ல வேண்டும். தொடர் அவர் பெயரில். நகைச்சுவை நாயகனும் அவராகவே இருப்பதாகத்தான் ஏற்பாடு. இரண்டாவது எபிசோடிலேயே, சிரிப்பு உங்களிடம் இருக்கிறது என்று அவர் புரிந்துகொண்டு, தான் நேராக நின்று உங்களுக்கு எடுத்துக் கொடுப்பவராக மாறிவிட்டார். சிறந்த துணை நடிப்புக்காக 1961, 1962, 1963, 1966, 1967 என்று ஐந்து எம்மி விருதுகள் உங்களுக்குக் கிடைத்தன. அந்தத் தொடருக்காக ஆண்டியின் பெயர் ஒருமுறைகூடப் பரிந்துரைக்கப்படவில்லை. அவர் முகம் சுளித்ததாக நான் எங்கும் படித்ததில்லை. சினிமாவிலும் நாடகத்திலும் கூட்டாளிக்குக் கைதட்டல் விழும்போது பக்கத்தில் நிற்பவர் முகம் எப்படிப் போகும் என்று பார்த்திருக்கிறோமே.

பார்னியின் துப்பாக்கிக்கு ஒரே ஒரு தோட்டா. அதுவும் துப்பாக்கியில் இருக்கக் கூடாது, சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது ஆண்டியின் கட்டளை. ஆபத்து என்றதும் நீங்கள் பையைத் தடவித் தோட்டாவைத் தேடுவதும், உதறும் விரலோடு அதைச் செருகப் போராடுவதும், எதிர்பாராத நேரத்தில் டமாரென்று அது வெடிப்பதும் அமெரிக்காவில் பாட்டி முதல் பேரன் வரை அறிந்த வேடிக்கை. நாகேஷைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த உடம்பின் மொழி உடனே புரிந்தது. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு. பார்னிக்கு வயிற்றில் புளி கரைகிறது, ஆனாலும் போகிறார். குரல் கீச்சிடுகிறது, ஆனாலும் கதவைத் தட்டுகிறார். பயம் தெளிந்த பிறகு போகலாம் என்று அவர் ஒருநாளும் காத்திருந்ததில்லை.

1962இல் வந்த ஓர் எபிசோடை நான் எத்தனை முறை பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. ஆண்டி அபராதம் போட்ட ஒரு பத்திரிகை முதலாளி, பழிவாங்குவதற்காக ஒரு பெண் நிருபரைக் கல்லூரி மாணவி என்று சொல்லி அனுப்புகிறார். அழகான பெண் காதுகொடுத்துக் கேட்டதும் பார்னி அளக்கிறார்: ஆண்டி ரொம்ப இளக்கமாக இருக்கிறார், என்னிடம் விட்டால் இந்த ஊரை எப்படி நடத்துவேன் தெரியுமா என்று. விசாரணையில் அந்தச் சொற்களே ஆண்டிக்கு எதிராக வந்து நிற்கின்றன. சாட்சிக் கூண்டில் நீங்கள் குறுகிப்போகிறீர்கள். பேசியது உண்மையா என்று கேட்கிறார்கள். உண்மை என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. எழுந்து போகச் சொன்ன பிறகும் நீங்கள் போகவில்லை. பெருமைக்காகப் பேசிவிட்டேன் என்று சொல்லி, ஆண்டி எப்படிப்பட்ட ஷெரிஃப், சட்டப் புத்தகத்தைவிட மனிதர்களை அவர் எப்படிப் பார்க்கிறார் என்று பேசத் தொடங்குகிறீர்கள். அங்கே சிரிப்பு இல்லை. கண்ணை உருட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. அந்த ஒரு நிமிடத்தைப் பார்த்தவர்கள் உங்களை வெறும் கோமாளி என்று சொல்ல மாட்டார்கள்.

ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். தொடர் நடக்கும் மேபெர்ரி என்ற கற்பனை ஊரில் கறுப்பின மக்களைக் காண்பது அரிது. தொடர் தொடங்கிய அதே 1960இல், அதே வட கரோலினாவில், கிரீன்ஸ்பரோவில் நான்கு கறுப்பின மாணவர்கள் ஓர் உணவுக் கவுண்டரில் உட்கார்ந்து, தங்களுக்கும் பரிமாறச் சொல்லி எழுந்திருக்க மறுத்தார்கள். ஆண்டியின் சொந்த ஊரான மவுன்ட் ஏரியிலிருந்து அது வெகுதூரம் இல்லை. என்னைப் போன்ற நிறமுள்ளவள் அந்தத் தெருவில் நடந்திருந்தால் ஷெரிஃப் தொப்பியைத் தூக்கி வணக்கம் சொல்லியிருப்பாரா? இந்தக் கேள்வியோடுதான் நான் அதை ரசிக்கிறேன். உங்கள் மீது எனக்குள்ள அன்பு இந்தக் கேள்வியால் குறையவில்லை. கேள்வியும் அன்பினால் தேயவில்லை.

ஐந்து வருடத்தோடு தொடரை முடித்துவிடுவேன் என்று ஆண்டி சொல்லிக்கொண்டிருந்ததால், நீங்கள் யுனிவர்சல் நிறுவனத்தோடு படங்களுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டீர்கள். பிறகு அவர் தொடர முடிவெடுத்தார், நீங்கள் 1965இல் விடைபெற வேண்டியதாயிற்று. மேலே சொன்ன ஐந்தில் கடைசி இரண்டு எம்மியும், அதற்குப் பிறகு விருந்தாளியாக எட்டிப்பார்த்த எபிசோடுகளுக்குக் கிடைத்தவை. 'தி கோஸ்ட் அண்ட் மிஸ்டர் சிக்கன்' படத்தில் அதே பயந்த மனிதர் பேய் வீட்டில் இரவு தங்கினார். 1979இல் 'த்ரீஸ் கம்பெனி' தொடரில் பளபளக்கும் சட்டையும் கழுத்தில் துணியுமாக வீட்டுச் சொந்தக்காரர் ஃபர்லியாக வந்து இன்னொரு தலைமுறையைப் பிடித்தீர்கள். கடைசிக் காலத்தில் பார்வை மங்கிய பிறகும் நீங்கள் வேலையை விடவில்லை.

மருத்துவமனையில் உங்கள் கடைசி நேரத்தில் ஆண்டி வந்தார். அவர் உங்களை ஜெஸ் என்றுதான் கூப்பிடுவாராம். காதருகே குனிந்து, உன்மேல் எனக்கு அன்பு என்று சொல்லி, மூச்சு விடும்படி கேட்டுக்கொண்டதாகப் பின்னர் அவரே சொன்னார். முகப்புரைக் காட்சியில் சொல்லை எடுத்துக் கொடுத்த அதே மனிதர்.

மூன்றாம் முறை தேர்வுக்குப் போனபோதும் என் கை நடுங்கியது. தேர்வாளரிடம், எனக்குக் கொஞ்சம் பதற்றம், கை ஆடும், ஆனால் ஓட்டிவிடுவேன் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். வாழ்க்கையில் முதன்முறையாக அதை இன்னொருவர் முன்னால் வாய்விட்டுச் சொன்னேன். அவர் தலையசைத்து, மெதுவாகக் கிளப்புங்கள் என்றார். பாஸ் ஆனேன். அன்று மாலை பக்கத்து வீட்டு அம்மா ஆப்பிள் பை செய்து கொண்டுவந்தார். இப்போது அவர் இல்லை.

சென்ற கோடையில் மார்கன்டவுன் போனோம். ஹை ஸ்ட்ரீட்டில் மெட்ரோபாலிட்டன் தியேட்டர் வாசலில் 2016இல் வைத்த உங்கள் சிலை இருக்கிறது. நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள், டெபுடியின் தொப்பி கையில். பிள்ளைகள் இரண்டு பேர் படம் எடுத்துவிட்டுப் போனார்கள். தெருவில் ஆள் குறைந்ததும் அருகில் போய்த் தொப்பியின் விளிம்பைத் தொட்டேன். வெயிலில் சுட்டது. ஆறு மணி நேரத்துக்கு மேல், மலைப்பாதை உட்பட, வண்டியை நான்தான் ஓட்டி வந்திருந்தேன்.


கோவில்பட்டியில் பிறந்து வட கரோலினாவில் வாழும் உங்கள் ரசிகை