பெத்தாவின் பட்டறை

குருமண்வெளித் துறையில் பாதைப் படகில் ஏறும்போதே மண்டூர்ப் பக்கக் காற்றில் வைக்கோல் மணக்கும். எங்கள் களுதாவளை எழுவான்கரை ஊர். மணல் நிலம், வெற்றிலையும் மிளகாயும் கத்தரியும் விளையும். வயலோ வாவிக்கு அப்பால், படுவான்கரையில். மாரி வேளாண்மை வெட்டிக் கதிரைச் சூடாக அடுக்கிய பிறகு அப்பா வயல் வாடியிலேயே கிடப்பார். சூடு மிதிக்கும் களவெட்டிக்குள் செருப்போடு இறங்கினால் வயல் பார்க்கும் முல்லைக்காரர் விரட்டுவார்.

சூட்டில் கிடந்து ஆறி, மாடு மிதித்து, தூற்றி, வெயில் கண்ட பிறகுதான் நெல் வீட்டுக்கு வரும். வந்தாலும் பெத்தா, என் பாட்டி, நம்பமாட்டா. ஒரு மணியை எடுத்துக் கடிப்பா. டக்கென்று முறிந்தால், வீட்டில் நெல் சேர்த்துவைக்கும் பட்டறைக்கு. நசிந்தால், "ஈரம் கிடக்கு மனே, திரும்பப் பாயில போடு."

பின்னாளில் எனக்கு நெல் சந்தைப்படுத்தும் சபையில் வேலை கிடைத்தது. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்த சபை அது. சாக்குக்குச் சாக்கு நெல் எடுத்து ஈரமானியில் போட்டுப் பார்ப்போம். நூற்றுக்கு 14க்கு மேல் ஈரம் நின்றால் எடுப்பதில்லை. பெத்தாவின் பல் அளந்ததும் ஏறக்குறைய அதைத்தான் என்று விளங்கியபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

நெல் உயிருள்ளது. ஈரம் கூடினால் அது வேகமாக மூச்சுவிடும், சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும். 1978 நவம்பர் 23 இரவுச் சூறாவளியில் எங்கள் வீட்டுக் கூரை போய்ப் பட்டறை நனைந்தது. சில நாளில் நெல்லுக்குள் கைவைக்க முடியவில்லை, அப்படிக் கொதித்தது. பெத்தா அழுததை நான் கண்டது அன்றுதான்.

பிறகு ஆலைகளுக்கும் சங்கங்களுக்கும் நெல் வைக்கும் முறை சொல்வதே என் தொழிலாயிற்று. சாக்கை நிலத்தில் வைக்காதே, மரத்தட்டில் வை. சாக்கு அட்டிக்கும் சுவருக்கும் நடுவே ஆள் நடக்க இடம் விடு. பழஞ்சாக்கைக் காயவைக்காமல் புதுநெல் கட்டாதே, அந்துப்பூச்சி அதில்தான் ஒளிந்திருக்கும். இதில் பாதி பெத்தா வீட்டில் செய்ததே.

இப்போது மெசின் வெட்டிய பச்சை நெல் வயல் வரம்பிலிருந்தே லொறி ஏறிப் பொலன்னறுவைக்குப் போகிறது. அதுவே அரிசிப் பையாகக் கடைக்குத் திரும்புகிறது. 2015இல் வைக்க இடமில்லாமல் மத்தல விமான நிலையத்தில் அரசாங்கம் நெல்லை அடுக்கியது. ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு களஞ்சியம் இருந்த நாடு இது! எங்கள் ஊரில் எழும்பும் புதுக் கல்வீடுகளில் பட்டறைக்கென்று ஒரு மூலைகூட இல்லை.

2011 ஜனவரி வெள்ளம் விளைந்த வேளாண்மையைக் கொண்டுபோனது. வீட்டில் நெல் இல்லாமல் ஊரே நிவாரண அரிசிக்கு வரிசையில் நின்றது. முன்னைய வெள்ளங்களில் பெத்தா அயலுக்குக் கொத்துக் கணக்கில் நெல் அளந்து கொடுப்பா; அடுத்த சூடு அடித்ததும் அது திரும்பி வரும். ஒவ்வொரு வயல் வட்டைக்கும் ஓர் உலர்களமும் சிறு களஞ்சியமும் வேண்டும் என்று இன்றும் அதிகாரிகளுக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன்.