தேய்ந்த விரல்கள்

சென்ற ஆண்டு ஒரு நாள் என் அன்னையை விசா அலுவலகம் ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். கடல் கடந்து வாழும் என் தம்பியின் குழந்தையைக் காண அவர் புறப்படவிருந்தார். பத்து விரல்களையும் ஒரு சிறு கண்ணாடிப் பலகையில் வைத்துப் பதிவு செய்தல் அவ்விடத்து விதி.

கண்ணாடி அன்னையின் விரல்களை ஏற்க மறுத்தது. "அம்மா, இன்னொருக்கா வைச்சுப் பாருங்கோ" என்றாள் அங்கிருந்த பெண். ஐம்பது ஆண்டுகள் பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைத்து எங்களை வளர்த்த விரல்கள் அவை. ரேகைகள் தேய்ந்திருந்தன. எங்களுக்காகப் பட்ட பாடே அவரை அவர் அல்லர் என்று சொல்ல வைத்ததே என எண்ணி என் நெஞ்சு கனத்தது. ஈரத்துணியால் துடைத்து, மெல்ல அழுத்தி, நான்காம் முறையில் ஒருவாறு பதிவு முடிந்தது.

வெளியே வந்ததும் அன்னை கேட்டார்: "என்ர விரலை எங்கை மோனை கொண்டு போகினம்?"

"முகிலுக்கு" என்று வேடிக்கையாகச் சொன்னேன். ஆயினும் அக்கேள்வி என்னை விடவில்லை.

முகிற் கணிமை என்பது வானத்து முகிலன்று. தூர தேசங்களிலே பெரும் மண்டபங்களில் அடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளை வாடகைக்கு அமர்த்தும் முறையே அது. உடலடையாளப் பதிவுகள் பல இன்று அத்தகைய களஞ்சியங்களில் வைக்கப்படுகின்றன. ரேகை முடியும் இடங்களும் கிளைக்கும் இடங்களும் அளக்கப்பட்டு எண்களாகின்றன. மறுமுறை விரலை வைக்கும்போது, புதிய எண்கள் பழையவற்றுடன் ஒப்பிடப்படுகின்றன. இரண்டும் முற்றாக ஒத்திருப்பதில்லை. ஆகவே, எவ்வளவு ஒத்தாற் போதும் என ஓர் எல்லை வகுக்கின்றனர். எல்லையை இறுக்கினால் உழைத்துத் தேய்ந்த விரல் தள்ளப்படும். தளர்த்தினால் அயலான் நுழைவான்.

இம்முறையால் நன்மையும் உண்டு. எந்த ஊரிலிருந்தும் ஒருவர் தாம் யாரென நிறுவலாம். ஆனால், ஓரிடத்திற் குவித்தது ஒரே நாளிற் களவு போகவுங்கூடும். ஐக்கிய அமெரிக்க அரசின் ஆளணி முகாமைத்துவ அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் விரலடையாளங்கள் களவாடப்பட்ட செய்தி 2015ஆம் ஆண்டு வெளிவந்தது. கடவுச்சொல் களவு போனால் வேறொன்று வைக்கலாம். விரல் களவு போனால் என் செய்வது?

வேறு வழியும் உண்டு. 2013இல் வெளியான ஐபோன் 5எஸ், விரற்பதிவைத் தன்னுள்ளேயே ஒரு சில்லில் பூட்டி வைத்தது. ஒப்பிடுதல் அங்கேயே நிகழும்; வெளியே செல்வது 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் விடை மட்டுமே. முடிந்தவரை முகிலுக்குச் செல்லவேண்டியது விடையேயன்றி விரலன்று. விரல் தோற்கும் இடத்தில் மனிதர் திறக்கும் இன்னொரு கதவும் வேண்டும்.

இவற்றையெல்லாம் அன்றிரவு அன்னைக்கு விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப துலைச்சுப்போட்டால் திருப்பித் தருவினமோ?" என்றார்.

மாணவர்களே, கண்ணாடியில் விரலை வைக்குமுன் நீங்களும் இதனை ஒருமுறை கேளுங்கள்.