கொடியில் வெயில் படும் இடம்

சேத்தூரில் அக்கா மகளுக்கு, மாதவிலக்கு ரத்தத்தை உறிஞ்சும் பீரியட் பேன்ட்டி வாங்கிக் கொடுத்தேன். "நாப்கினே வேண்டாமா சித்தி?" என்றாள். ரத்தப்போக்கு குறைவான நாளில் இது ஒன்றே போதும். அதிகமான நாளில் நாப்கினும் வைத்துக்கொள்ளட்டும்.

துவைப்பதில்தான் விஷயமே இருக்கிறது. கழற்றியதும் பச்சைத் தண்ணீரில், தண்ணீர் தெளிகிற வரை அலச வேண்டும். வெந்நீரில் போட்டால் கறை பிடித்துக்கொள்ளும். பிளீச்சிங், துணியை மென்மையாக்கும் வாசனைத் திரவம் எதுவும் கூடாது. அப்புறம் துணி சரியாக உறிஞ்சாது. இஸ்திரியும் வேண்டாம்.

அக்கா கூச்சப்பட்டு, துவைத்த பேன்ட்டியைப் பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டாள். ஈரம் போகாமல் நாறாதா? பக்கத்துச் சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணி எத்தனையோ ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது. ரத்தம் துடைக்கும் துணி நெய்து பிழைக்கிற வட்டாரத்தில் இதற்கென்ன கூச்சம்?

வீட்டில் பெண் பிள்ளை இருந்தால், கொடியில் நல்ல வெயில் படும் இடத்தை அவளுக்கு விடுங்கள்.