யார் பேரில் பீடி?

வயக்காட்டுக்குப் போனா பண்ணையார் ஏச்சு. அதுக்குத் தப்பித்தான் ஆலங்குளம் பக்கம் எங்கள் தெருப் பெண்கள் பீடித் தட்டைப் பிடித்தார்கள். வீட்டுக்குள்ளேயே வேலை, எவன் முகத்திலயும் முழிக்க வேண்டாம். சாயங்காலம் கடைக்குப் போகணுமே! அங்கே திண்ணைக்குக் கீழேதான் நிற்கணும். கொடுக்கிற இலையில் ஆயிரம் பீடி தேறாது. குறையிறதை நாமதான் காசுக்கு வாங்கணும். கழிவு என்று ஒதுக்கிய பீடிக்குக் கூலியும் கிடையாது, பீடியும் திரும்பி வராது.

பெரிய களவு பாஸ்புத்தகத்தில் நடந்தது. வீட்டிலிருந்து சுற்றுகிறவளையும் தொழிலாளி என்றது 1966ஆம் ஆண்டு பீடித் தொழிலாளர் சட்டம். அவளுக்கும் வைப்புநிதி உண்டு என்று 1985இல் உச்சநீதிமன்றம் சொன்னது. அம்மா சுற்றியதோ கடைக்காரரின் சொந்தக்காரி பேரில். புகையிலைத் தூள் அம்மா நெஞ்சில், வைப்புநிதி அந்தம்மா கணக்கில். இலையைத் தொட்டே பார்க்காத கை அது.

"எம் பேர்ல ஒரு புத்தகம் போடுங்கய்யா" என்று அம்மா கேட்டதுக்கு, "கைநாட்டுக்கு எதுக்குட்டி புத்தகம்?" என்றார். 1990களில் அறிவொளி வகுப்புக்குப் போய்க் கையெழுத்துப் பழகிவந்து மறுபடி கேட்டாள். மறுநாள் அவளுக்கு இலை இல்லை.

மூன்று நாள் எங்கள் தெருவில் ஒருத்தியும் இலை வாங்கப் போகவில்லை. நாலாம் நாள் புத்தகம் வந்தது. இருபது வருசமாகச் சுற்றியவள். வேலைக்குச் சேர்ந்த தேதி என்ற இடத்தில் அன்றைய தேதியைப் போட்டிருந்தார்கள்.